கிணறு பார்க்கும் டீச்சர்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ராமாமணி டீச்சர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். சோளக்காட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் தலைக்கட்டு அவிழ ஓடி வந்தார்.

"அம்மணி! அம்மணி! எந்தக் கஷ்டமா இருந்தாலும் சொல்லுங்க, பேசிக்கலாம். குதிச்சுப்போடாதீங்க!"

"குதிக்கலீங்க. தண்ணி எத்தன ஆழத்துல கெடக்குதுன்னு பாக்க வந்தனுங்க."

"அதுக்கு எதுக்குங்க செருப்பக் கழட்டறீங்க?"

"செருப்போட நின்னா வழுக்குமுங்க. அப்பறம் நீங்க பயந்தது நெசமாயிப்போயிரும்."

பெரியவர் சிரிக்கவில்லை. டீச்சர் வேலையை முடித்துவிட்டு வரப்பைத் தாண்டும் வரைக்கும் கிணற்றுமேட்டிலேயே காவல் நின்றார்.

பீளமேட்டில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ராமாமணி சயன்ஸ் டீச்சர். நாற்பதை நெருங்குகிற வயது. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சாவி தொலைந்துபோன ஒரு பித்தளைப் பூட்டு இருக்கும். கயிற்று நுனியில் அதைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். 'தொப்' என்று சத்தம் வந்ததும் கயிற்றை விரலால் பிடித்துக்கொள்வார். அந்த இடத்தில் ஒரு முடிச்சு. கிணறு பார்த்தாகிவிட்டது.

"எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க, மாடு பாக்கப் போவாங்க. எம்பட ஊட்டுல கெணறு பாக்கப் போயிருக்குது" என்பார் அவர் கணவர் ரங்கராஜ், தேடி வருகிறவர்களிடம்.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில், மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டுப் பக்கம் அதே கிணறுகளுக்குத்தான் போவார். திரும்பி வந்ததும் சயன்ஸ் ரூம் சுவரில், கிணற்றுக்கு ஒரு வரிசையாகக் கயிறுகள் தொங்கும். கிணற்றில் ஓர் ஆள் ஆழத்துக்குச் சுவரில் ஒரு சாண் கயிறு. போன வருஷக் கயிற்றுக்குப் பக்கத்தில் இந்த வருஷக் கயிறு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. கவலைச் சால் கட்டி மாடுகளை வைத்துத் தண்ணீர் இறைத்த காலத்துக் கயிறு இடுப்பளவில் நின்றுவிடும். காட்டுக்குக் காடு கரண்டு மோட்டார் வந்த பிறகு, கயிறு முழங்காலைத் தொட்டது, கணுக்காலைத் தொட்டது. நடுவில் ஒரு வருஷம் நல்ல மழை. அந்த வருஷக் கயிறு குட்டை. "இத எடுத்துப்போட்டா வரிசை இன்னும் பளிச்சுனு இருக்குமே" என்று ரங்கராஜ் ஒருதரம் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். குட்டைக் கயிறும் அதன் இடத்தில் அப்படியே தொங்குகிறது.

"ஏனுங்க டீச்சர், மோட்டார் வந்ததாலதானுங்க தண்ணி கீழ போச்சு?" என்று மாணவிகள் கேட்டால் தலையாட்ட மாட்டார். "பாத்தியா கண்ணு? பாத்தத மட்டும் சொல்லு. தண்ணி எறங்குனதப் பாத்த. எதனால எறங்குச்சுன்னு இன்னும் பாக்கல."

இந்த வருஷம் ராசாத்தாள் என்கிற பத்தாம் வகுப்பு மாணவியின் தோட்டத்துக் கிணற்றை அளந்து வந்து தொங்கவிட்டபோது, கயிறு சுவரை முடித்துத் தரையில் வந்து படுத்துக்கொண்டது. அதில்தான் வந்தது வினை.

பள்ளியின் தாளாளர் அழகிரிசாமி மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். அந்த சயன்ஸ் ரூமைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். ஆண்டு விழாவுக்கு மாணவிகளின் அப்பாக்கள் வருவார்கள், பாதிப்பேர் தோட்டக்காரர்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று விளையாட்டு மைதானத்தில் புது மோட்டார்களை வரிசையாக வைக்கச் சொல்லியிருந்தார். முந்தின நாள் ஏற்பாடுகளைப் பார்க்க வந்தவர், சயன்ஸ் ரூம் சுவரில் முதல் கயிற்றிலிருந்து தரையில் கிடந்த கயிறு வரைக்கும் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தலைமையாசிரியை வெங்கடம்மாள் கத்தரிக்கோலோடு வந்தார்.

"ராமாமணி, இந்தக் கயித்து நுனியெல்லாம் ஒண்ணுபோல வெட்டி உட்டா லட்சணமா இருக்குமில்லீங்க? தரையில கெடந்தா வர்றவங்க கால்ல மாட்டும்."

"ஒண்ணுபோல இருந்தா அது கொடிக்கயிறுங்க டீச்சர். பாவாடை காயப் போடலாம்."

வெங்கடம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "தாளாளர் பாத்துப்போட்டாருங்க."

"என்னங்க சொன்னாரு?"

"நல்லாருக்குது, இதையெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாங்கன்னாரு."

இந்தச் சீமையில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவதில்லை. பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்காவிட்டாலும் பலகாரம் வைத்து, காப்பி கொடுத்து, 'பாத்துக்கலாங்க' என்று வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். வந்தவர்களும் சிரித்த முகமாகப் போய் வேறு இடம் தேடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"உங்க வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கறேன்" என்றார் வெங்கடம்மாள், குரலைத் தணித்து. "அதையும் பாத்துக்கலாங்கன்னு சொல்லிப்போட்டாருன்னா என்னங்க பண்ணுவீங்க?"

ராமாமணி தரையில் கிடந்த கயிற்றைச் சுவரோரம் தள்ளி வைத்தார். ரங்கராஜின் மில்லில் அப்போது பாதி நாள் வேலை இல்லை. இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இந்த ரூம் கதவச் சாத்தச் சொன்னா, அது உங்க கதவு, சாத்திக்குங்க" என்றார். "வெட்டறது ஆகாதுங்க. வெட்டிப்போட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்தப் புள்ளைககிட்ட பாத்தத மட்டும் சொல்லுன்னு சொல்லுவேன்?"

"இப்படி நேரா ஆகாதுன்னு சொல்லிப்போட்டீங்களே!"

"ஆகாதுங்கன்னுதானுங்க சொன்னேன்."

வெங்கடம்மாள் கத்தரிக்கோலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் அழகிரிசாமி முன்னால் வர, தோட்டக்காரர்கள் பின்னால் வர, சயன்ஸ் ரூம் நிறைந்துவிட்டது. ராசாத்தாளின் அப்பா தரையில் கிடந்த கயிற்றின் நுனி அருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"இது நம்ம கெணறா கண்ணு?"

"ஆமாங்கப்பா. நானேதான் அளந்தேன்."

அவர் கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே சுவர்வரை போனார். அந்த வரிசையின் முதல் கயிற்றைப் பார்த்தார், கடைசிக் கயிற்றைப் பார்த்தார். "ஏனுங்க," என்று தாளாளரைப் பார்த்துத் திரும்பினார், "தண்ணி இப்படியே எறங்குனா இன்னும் பெரிய மோட்டாராப் போடோணுமில்லீங்க? உங்களுக்கு நல்ல யாவாரந்தானுங்க!"

அறையே சிரித்தது. அழகிரிசாமியும் சிரித்தார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"மோட்டாராலதானுங்களா டீச்சர்?"

வெங்கடம்மாள் பின்னாலிருந்து ராமாமணியின் முந்தானையை லேசாக இழுத்தார்.

"தெரியலீங்க" என்றார் ராமாமணி. "ரெண்டு வருசமா மழையும் கம்மிங்க. இன்னும் அளக்கோணும், அளந்தாத்தான் சொல்ல முடியும். ஆனா தண்ணி எறங்கியிருக்குதுங்க. அது நெசம்."

தாளாளருக்குக் கோபப்பட இடம் இல்லை, சந்தோஷப்படவும் இடம் இல்லை. கயிற்றை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க டீச்சர். மத்ததெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாங்க."

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும். ராசாத்தாளுக்குக்கூடத் தெரிந்தது. அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றார் ராமாமணி, பணிவாக. "அடுத்த வருசமும் பாத்துக்கலாங்க."

அழகிரிசாமி எல்லோரையும் கூட்டிக்கொண்டு தையல் அறைப் பக்கம் போனார். ராமாமணி பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினார். கடைசிக் கயிற்றுக்குப் பக்கத்தில், மற்ற ஆணிகளைவிட ஒரு முழம் உயரத்தில், அடுத்த வருஷக் கயிற்றுக்கு ஒரு புது ஆணியை வைத்துச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். சத்தம் தையல் அறை வரைக்கும் கேட்டது.