அன்றைய நற்செயல்

வண்டிப்பெரியாரிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கினால், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தேயிலைக் காட்டின் நடுவே செங்குத்தாக ஒரு குறுக்குப்பாதை ஏறும். மாதந்தோறும் ரேஷன் அரிசி மூட்டையை அப்பா அந்த வழியாகத்தான் சுமந்து வருவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். சித்தப்பா ஒருமுறை கை நீட்டியதற்கு, "நான் என்ன செத்தா போய்ட்டேன்?" என்று கேட்டார்.

நான் பள்ளியில் சாரணனாகச் சேர்ந்த வருடம் அது. தினமும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும். காலையில் கழுத்து ஸ்கார்ப்பின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, செய்த பிறகே அவிழ்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் சாரண ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்பார். பொய் சொன்னால் தனக்குத் தெரியப்போவதில்லை, அதனாலேயே சொல்லக் கூடாது என்பார். அப்படி ஒருவர் எங்களை நம்பியது எனக்குப் புதிதாக இருந்தது. சீருடை இல்லாத நாளிலும் ஸ்கார்ப்பைக் கழற்ற மாட்டேன்.

வீட்டில் எனக்கென்று இட்ட வேலை கணக்கில் சேராது. ஆகவே தண்ணீர் எடுப்பதும் விறகு பொறுக்குவதும் போயிற்று. அந்தச் சனிக்கிழமை, பக்கத்து வீட்டு அத்தையின் கொழுந்துக் கூடையைத் தூக்கப் போனேன்.

"கைய எடுடா! கொளுந்து சிந்துச்சுன்னா ஒங்க ஸ்கௌட்டு சாரா வந்து எடைக்குப் பதில் சொல்வாரு?"

பெரியப்பாவிடம் போனேன். "ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். பீடி வாங்கித் தருவது நற்செயலில் சேருமா என்று வெகுநேரம் யோசித்து, சேராது என்று முடிவு செய்தேன்.

பொழுது சாயும்வரை முடிச்சு அப்படியே இருந்தது. வெளியூர்க்காரர் யாராவது பெட்டியோடு இறங்க மாட்டாரா என்று பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். அரிசி மூட்டையோடு அப்பாதான் இறங்கினார்.

"இன்னும் அவுக்கலையாடா?"

தலையாட்டினேன். அவர் பாதையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"சரி, இந்தா புடி" என்று மூட்டையை என் தலையில் வைத்தார்.

கழுத்து வலித்தது, ஆனாலும் நான்தான் முன்னால் போனேன். ஒவ்வொரு வளைவிலும் "நில்லுடா" என்றார். திரும்பினால், ஒரு தேயிலைச் செடியைப் பிடித்தபடி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அங்க பாரு, பாக்டரில லைட்டு போட்டுட்டாங்க" என்றார். தினமும் அவர் வேலை பார்க்கும் பாக்டரியில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை.

"இது கணக்குல வராதுப்பா. எனக்காகத்தான் சும்மா குடுத்தீங்க. சாரு கேட்டா என்ன சொல்றது?"

அப்பா நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து, செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார்.

"வரும்டா. சேத்துக்க."

அம்மா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், என்னை அருகே இழுத்து முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

அடுத்த மாதமும், "முடிச்சு போட்ருக்கியா?" என்று கேட்டு மூட்டையை என் தலையில் வைத்தார். அதன் பிறகு ரேஷன் வாங்கும் நாளில், காலையிலிருந்து யாருக்கும் எந்த உதவியும் செய்துவிடாமல் ஜாக்கிரதையாக இருப்பேன்.

நாங்கள் அப்படி ஏறியது சில மாதங்கள்தான். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து அப்பா போய்விட்டார். இப்போது லயத்து வாசல்வரை ஜீப் வருகிறது. அந்தப் பாதை புதர் மண்டிக் கிடக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் அடியில் சற்று நின்றுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுகிறேன். மூட்டையோடு இன்னும் ஒருமுறை, மெதுவாக, அவர் நடைக்கு ஏற்றபடி ஏற வேண்டும் என்றிருக்கிறது.

அந்த மாதங்களில் நான் வேகமாகத்தான் ஏறுவேன். அப்பாவுக்குச் சாரணர் படை பிடித்துப் போய்விட்டது என்று நினைத்து, அதன் விதிகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே முன்னால் போவேன். ஒவ்வொரு விதிக்கும் பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் வரும். கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.