அடுப்புக்குள் ஒரு பூந்தொட்டி

நான் ஒரு காலத்தில் இருந்த நீலசந்திரா பகுதிக்கும் வியட்நாம் சாண்ட்விச் வந்துவிட்டது. வியட்நாமில் தெருவோரம் நின்றபடி கையால் தின்கிற பண்டம் என்று கேள்வி. இங்கே இந்தப் புதுக் கடையில் மரப்பலகையில் வைத்து, கத்தியும் முள்கரண்டியும் தருகிறார்கள். ரொட்டியின் தோல் என் மேலண்ணத்தைச் சிராய்த்தது. உள்ளே ஊறவைத்த கேரட், முள்ளங்கி, கொத்தமல்லித் தழை, எங்கோ ஒளிந்திருந்த கோழி. தேடிக் கண்டுபிடித்துத் தின்றேன்.

அதைவிட எரிச்சல், சுவரில் இருந்த பழைய விறகடுப்பு. அதன் வாய்க்குள் ஒரு பூந்தொட்டி, மஞ்சள் பல்பு. பரிமாறிய பெண், "ஹெரிடேஜ் சார், போட்டோ எடுத்துக்கோங்க" என்றாள்.

"இதுல என்ன சுடுறீங்க?"

"இதுலயா? ஒண்ணும் இல்ல சார். பிரெட் ஃபேக்டரிலருந்து வந்துடும்."

வாசலில் பேக்கரி என்று பலகை வேறு.

இந்த இடம் பாய் பேக்கரியாக இருந்த காலத்தில் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பழையதெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. பாயின் பன் வெறும் பஞ்சு. பிஸ்கட்டில் டால்டா நாற்றம். ஆனால் காலை ரொட்டி இறங்கியதும் அடுப்பின் மிச்சச் சூடு தெருவுக்குச் சொந்தம். சுட்டுவாங்க வீடுகளிலிருந்து மூடிய தட்டுகள் வரும்: கேக், மசாலா தடவிய கோழி. காகிதத்தில் பேர் எழுதினால் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு வீடும் தட்டின் விளிம்பில் மாவால் ஓர் அடையாளம் ஒட்டும்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ராணியக்காவின் அடையாளம் இரண்டு பொட்டு. அவருடைய அம்மா வைத்தது. அடுத்த சந்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை சாந்தியும் அதையேதான் ஒட்டுவாள். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. பொட்டை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

ராணியக்காவின் மகள் கலாவுக்குச் சம்பந்தம் பேச ஓசூரிலிருந்து வந்திருந்தார்கள். முன்பு வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இவர்கள் கை நனைத்துவிட்டால் முடிந்த மாதிரி. "நாலு வார்த்தை பேசிக்கினு இருங்க தம்பி, பேப்பர்காரர்னா மதிப்பாங்க" என்று அக்கா என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார். மதித்ததாகத் தெரியவில்லை. பையனின் அப்பா சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேக்கரியிலிருந்து வந்த தட்டின் மூடியைத் திறந்தால், கோழிக்குப் பதில் கேக்.

"சித்தி தட்டும்மா இது. போய் மாத்திக்கினு வா" என்றாள் கலா.

"அவ வாசப்படிய மிதிக்கறதுக்கு இந்தச் சம்பந்தமே வேணாம்."

அதற்குள் சாந்தியே இடுப்பில் தட்டோடு வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் நீட்டினாள். "உப்பே இல்ல. தூவியிருக்கேன்."

"என் கோழிய நீ ஏண்டி தின்னு பாத்த?"

"என் வீட்டுக்கு வந்த கோழி, பாக்க மாட்டேனா?"

பையனின் அம்மா கேட்டார்: "இவங்க யாரு?"

ராணியக்கா தட்டை வாங்கிக்கொண்டார். "என் தங்கச்சி."

சாந்தி முந்தானையைச் செருகிக்கொண்டு பரிமாற ஆரம்பித்தாள். கலாவின் கல்யாணத்தை முன்நின்று நடத்தியதும் அவள்தான்.

பாய் கடையை மூடிய பிறகு அவரவர் வீட்டில் ஆளுக்கொரு கரண்ட் அடுப்பு வந்தது. போன மாதம் கலா போனில் பேசினாள். அம்மாவும் சித்தியும் எதற்கோ மறுபடி பேச்சை நிறுத்திவிட்டார்களாம். இந்த முறை மாறிப்போக ஒரு தட்டு இல்லை.