சீனர் தெருவில் இரண்டு மர அச்சுகள்

கல்கத்தாவில், சீனர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தெருவில் நிற்கிறோம். லீவுக்குக் கல்பாத்தியிலிருந்து என்னுடன் வந்திருக்கும் எட்டு வயது மகள் காமாட்சி, சூம்பிய இடது காலை இழுத்துக்கொண்டே காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்குகிறாள். சீனர்களின் அம்மன் கோவிலுக்குள்ளும் புகுந்து ஊதுவத்தி ஏற்றுகிறாள். நானும் கைகூப்புகிறேன். எந்த ஊர் அம்மனானாலும் சரி, இவளுக்காகக் கண் திறந்தால் போதும். வளர வளரக் கால் சரியாகிவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் குமாஸ்தாவாக இருக்கும் அத்திம்பேர் எங்களைச் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போகிறார். கடைக்காரச் சீனர் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து அளக்கிறார். இடது காலை மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு, இந்தியில் தணிந்த குரலில் ஏதோ சொல்கிறார்.

"என்ன சொல்றார், அத்திம்பேர்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்: "செருப்புத் தைக்க ரெண்டு கால் அளவுக்கும் மரத்துல அச்சு செதுக்கி வெச்சுப்பாராம். வலதுக்கு வருஷா வருஷம் புதுசு வேணுமாம். இடதுக்கு எப்பவும் இந்த ஒண்ணே போறுமாம்டா."

காமாட்சி கைகொட்டிச் சிரிக்கிறாள். "அப்போ அடுத்த வருஷம் ஒத்தைச் செருப்பு வாங்கினாப் போறும், இல்லையாப்பா?"

திரும்பும் வழியில் அதே கோவில். "இன்னொரு தரம் சேவிச்சுட்டுப் போலாம் வாப்பா," என்று கையைப் பிடித்து இழுக்கிறாள்.

அவளை மட்டும் உள்ளே அனுப்புகிறேன். எனக்குக் கைகூப்ப வரவில்லை.