ஒட்டிய காதுக்கவசம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் துப்பாக்கிக்குச் சத்தத்தை அடக்கும் சைலன்சர் பூட்ட முடியாது. சுடும் மைதானத்தில் காதுக்கவசம்தான் துணை. மகள் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தபோது இணையத்தில் ஆக மலிவானதை வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்களில் காதைச் சுற்றியிருந்த மெத்தை வெடித்துப் பிளந்துவிட்டது. பசை பூசி நேர்த்தியாக ஒட்டினேன்.

அவளுடைய முதல் போட்டியன்று, பக்கத்தில் நின்ற தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அதை வாங்கி அழுத்திப் பார்த்தார்.

"இதப் போட்டுட்டு சுட வேணாம்க்கா."

"ஏன் தம்பி? நான்தான் ஒட்டினனான். நல்லா இறுகியிருக்கு."

"இறுகினதுதான் தப்பு. மெத்துன்னு இருந்தாத்தான் காதோட ஒட்டும். இல்லன்னா சத்தம் உள்ள போயிடும். என் இடது காது அப்படித்தான் போச்சு. வீட்டுக்காரி திட்டுறப்ப மட்டும் வசதி."

மகள் என்னை முறைத்தாள். "ஐ டோல்ட் யூ, அம்மா."

அவர் தன் கவசத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவரும் அதே சுற்றில் சுட வேண்டியவர். நடுவரிடம் சொல்லி விலகிக்கொண்டு, மைதானத்துக்கு வெளியே போய்விட்டார்.

மகள் கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தாள். திரும்பும் வழியில் காரில், வேண்டுமென்றே மிக மெல்லிய குரலில், "பசிக்குதா?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள் உடனே.

முன்பின் தெரியாத ஒருவர் தன் போட்டியை விட்டுக்கொடுத்துக் காத்த காதுகள் அவை.