சட்டைப் பை வைத்த போர்வை

துண்டுத் துணியை ஒருமுறை மோந்து பார்த்த பிறகுதான் ஜோதியம்மாள் ஊசியில் நூல் கோர்ப்பாள். டெய்லர் ராமதாஸ் கடையில் அள்ளி வந்த வெட்டுத்துணி என்றால் கஞ்சி வாசனை. மாடி அறையில் தங்கியவர்கள் விட்டுப்போனது என்றால் ஊதுவத்தியும் வெளியூர் சோப்பும் மணக்கும். அப்புறம் காலண்டர் அட்டையில் வெட்டிய சதுரத்தைத் துணிமேல் வைத்து, தேய்ந்த குளியல் சோப்பால் கோடு போடுவாள். ஐந்து அங்குலத்துக்கு ஐந்து அங்குலம். அரை நூல் கூடினாலும் அந்தத் துண்டு கரித்துணி ஆகிவிடும்.

ரமணாசிரமத்துக்குப் பின்னால், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஐந்தாவது வீடு. மாடியில் வாடகைக்கு மூன்று அறை. கீழே ஜன்னலோரம் பழைய புடவைகளை மடித்து அடியில் கொடுத்து, மேலே ஒட்டுத்துணி வைத்து, பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை தைப்பாள். விற்பதற்கில்லை. முடித்த போர்வை நான்கு. பாதியில் நிற்பது இரண்டு: பச்சைக்குச் சிவப்பு கிடைக்காமல் ஒன்று, பூப்போட்டதற்குப் பூப்போடாதது கிடைக்காமல் மற்றொன்று.

"இது முடியறதுக்குள்ள மார்கழியே போயிடும்டி. கோடைக்குப் போத்திக்கலாம்" என்பார் காசி. கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டும் கணவர்.

"வேன் இருமறத முதல்ல நிறுத்துய்யா. அப்பறம் என் போர்வையப் பேசலாம்."

ஏழாவது போர்வை ஒன்று உண்டு. அது இரண்டு வருடம் அரிசி டிரம்முக்குள் கிடந்தது.

அறையைக் காலி செய்கிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். குர்தா, துண்டு, ஒரு கால் கிழிந்த பைஜாமா. யாராவது போன அன்று தினக் காலண்டர் தாளைக் கிழித்து அந்த மூட்டையில் குண்டூசியால் குத்திவைப்பாள் ஜோதியம்மாள். ஒரு வருடம் முழுசாகக் கழிந்த பிறகுதான் கத்தரிக்கோல். "ஒருவேள வந்து கேட்டா?" என்பாள். எவரும் வந்து கேட்டதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கை அவள் மீறியதில்லை, ஒருமுறையைத் தவிர.

1997 டிசம்பர் 15, திங்கட்கிழமைத் தாள் குத்திய துணிப்பை அது. சென்னையிலிருந்து தீபத்துக்கு வந்து பத்து நாள் தங்கிய ரேவதி என்ற அம்மாள், "இது இங்கயே இருக்கட்டும் ஜோதிம்மா" என்று வைத்துவிட்டுப் போனது. உள்ளே ஒரு வேட்டி, வெளிர்நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு அரைக்கைச் சட்டை.

மறுவருடம் நவம்பரில் ஏழாவது போர்வை கடைசி வரிசைக்கு வந்து நின்றது. நூற்றுத் தொண்ணூற்றாறு துண்டில் பதினொன்று குறைந்தது. நீலம் எங்கும் கிடைக்கவில்லை. அவள் கை பலமுறை அந்தப் பைக்குப் போய் வந்தது. ஏழாம் தேதி சனிக்கிழமை, இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கும்போது, "வரவங்களா இருந்தா ஒரு கடுதாசியாவது போட்டிருக்க மாட்டாங்களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தச் சட்டையை வெட்டினாள். சட்டைப் பையோரத்தில் மைக்கறை. துவைத்தும் போகவில்லை. பை ஊசி வைக்க உதவும் என்று அதை மட்டும் பிரிக்காமல் அப்படியே ஒரு துண்டாக வைத்துத் தைத்தாள்.

வெட்டிய இருபத்திரண்டாம் நாள் ரேவதி வந்து இறங்கினாள்.

"என் பைய எடுங்க ஜோதிம்மா. ஐயங்குளத்துப் பக்கம் ஒருத்தர் இருக்காராம், அவர் மாதிரியே. தாடி மட்டும் ஜாஸ்தியாம்."

"யாரும்மா?"

"வீட்டுக்காரர். ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தார். ரிஜிஸ்டரை மேஜைமேல வெச்சிட்டுக் கிளம்பினவர்தான், நாலு வருஷமாச்சு. திருவண்ணாமலையில பாத்தேன்னு யாரோ சொன்னாங்க. கிடைச்சார்னா காவியக் கழட்டிட்டு இதப் போட்டுக்கிட்டு வாங்கன்னு குடுக்கத்தான் வெச்சிருக்கேன்."

ஜோதியம்மாள் வேட்டியை மட்டும் எடுத்து நீட்டினாள்.

"சட்டைய எலி கடிச்சிடுச்சும்மா."

"கடிச்ச துண்டாவது இருக்கா?"

"குப்பையில போட்டுட்டேன்."

ரேவதி சற்று நேரம் வேட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "எலி பண்ணதுக்கு நீங்க ஏன் அழறீங்க?" என்றாள். ஐயங்குளத்தில் இருந்தவர் வேறு யாரோ. மறுநாள் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது மரத்தில் செய்த எலிப்பொறி ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து மாலைதோறும் பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பது ஜோதியம்மாளின் வேலையாயிற்று. காலையில் சில்லு அப்படியே இருக்கும்.

"நம்ம ஊட்ல எலியே இல்லியேடி. இன்னாத்துக்கு இது?" என்று காசி கேட்பார். ரேவதி ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஒரு புதுச் சட்டையோடு வந்தாள். வெளிர்நீலம்தான், கோடு மட்டும் பழையது மாதிரி அமையவில்லை. அவள் ஆட்டோ சத்தம் கேட்டதும் ஜோதியம்மாள் அரிசி டிரம்மின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்குப் போவாள்.

2000 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. மழையோடு மலையைச் சுற்றி, வழியில் உட்கார்ந்திருந்த சாமியார்களை முகம் முகமாகப் பார்த்து நடந்துவிட்டு வந்த ரேவதி, மாடிப்படி ஏற முடியாமல் கீழ்க்கட்டிலிலேயே சரிந்தாள். உடம்பு கொதித்தது; பல் கிட்டியது. தீபக் கூட்டம் இன்னும் கலையவில்லை. நான்கு போர்வையும், காசியின் கம்பளியும்கூட, மாடி ஆட்களிடம் இருந்தன.

ஜோதியம்மாள் அரிசி டிரம்மைத் திறந்தாள்.

ஒட்டுத்துணிப் பக்கம் உள்ளே போக, பழம்புடவைப் பக்கம் வெளியே தெரிய, கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

"எவ்ளோ மெத்துனு இருக்கு" என்று ரேவதி கண்ணை மூடியபடியே சொன்னாள். "நீங்க தைச்சதா? எனக்குக் காட்டவே இல்லியே."

நடுக்கம் குறைந்து அவள் தூங்கிப்போனாள். ஜோதியம்மாள் கஞ்சி வைக்க எழுந்தாள். அடுப்பங்கரை நிலைப்படியோரம் பொறி வாயைத் திறந்தபடி இருந்தது. நேற்றைய சில்லு அதில் காய்ந்திருந்தது. அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து, தூக்கம் கலையாமல், போர்வையை மெல்ல உருவிப் புரட்டிப் போர்த்தினாள். கடைசி வரிசை ரேவதியின் முகவாய்க்குக் கீழே வந்தது. மைக்கறைப் பை நெஞ்சுக்கு நேராக. பைக்குள் கைவிட்டு, அங்கே செருகியிருந்த ஊசியை எடுத்துத் தன் முந்தானையில் குத்திக்கொண்டாள். கண் திறந்தால் முதலில் தெரிகிற இடத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.