இடது காலுக்கு ஆவாரம் பட்டை

பெயர்தான் கல்லூரி; என்னையும் சேர்த்து ஒன்பதே ஆசிரியர்கள். வேலூரில் அந்த நாளில் வெயிலுக்கு அடுத்தபடி ஜாஸ்தியாக இருந்தது எங்கள் ஆராய்ச்சி ஆசைதான். சரித்திர ஆசிரியர் கோட்டைப் பக்கம் கல்வெட்டு படி எடுக்கப் போவார். கணக்கு ஆசிரியர் எதை ஆராய்ந்தார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ, கேட்டால் சிரிப்பார். ரசாயனம் சொல்லிக்கொடுத்த நான் செருப்பை ஆராய்ந்தேன்.

எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம் பட்டையை ஊறப்போட்டுத்தான் தோல் பதனிடுவார்கள். கப்பலில் வாட்டில் பட்டை என்று ஒன்று வர ஆரம்பித்ததும், அதுதான் உசத்தி என்று ஒரு பேச்சு கிளம்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. பேசினால் ஆயிற்றா, சோதித்துப் பார்க்க வேண்டாமா? கல்லூரிக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையில் தொட்டி வைத்து, இரண்டு பட்டையிலும் தோலை ஊறப்போட்டேன். விடுதி வார்டன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல்வரிடம் ஓடினார். விறகு அடுக்க அந்தக் கொட்டகை மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

“ஒரு வருஷம் பாருங்க. ஏதாவது முடிவு காட்டினா கொட்டகை உங்களுக்கு. இல்லேன்னா விறகுக்கு” என்றார் முதல்வர்.

தோல் பதமானதும் லாங் பஜாரில் எட்டு ஜோடி செருப்பு தைக்கச் சொன்னேன். இடது செருப்பு ஆவாரம் பட்டைத் தோல், வலது செருப்பு வாட்டில். எது முதலில் தேய்கிறது என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது. மற்ற எட்டு ஆசிரியர்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு ஜோடி கொடுத்து, “தினம் போட்டுட்டு நடங்க, அது போதும்” என்றேன். கல்யாணச் சீர் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வருஷக் கடைசியில் வராந்தாவில் முதல்வர் முன்னால் செருப்புகளை வரிசையாக வைத்தார்கள். ஏழு ஜோடி பளபளவென்று இருந்தன. கணக்கு ஆசிரியருடையதில் கடையில் சுற்றிக் கொடுத்த காகித மடிப்புகூடக் கலையவில்லை. சரித்திர ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை தோறும் விளக்கெண்ணெய் தடவி வைத்தாராம்.

“இன்னா சார் இது? நடக்கத்தானே குடுத்தேன்!” என்று கத்திவிட்டேன்.

“ஆராய்ச்சிப் பொருளாச்சே சார். நாம போட்டுப் பாழாக்கிட்டா?” என்றார் சரித்திர ஆசிரியர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

எட்டாவது ஜோடி தமிழ்ப் பண்டிதருடையது. பாலாற்றுக்கு அக்கரையில் வீடு. மணலிலும் முள்ளுக்காட்டிலும் நடந்தேதான் வருவார். அதன் வார் நன்றாக நைந்திருந்தது. ஆவலோடு திருப்பிப் பார்த்தேன். அடித்தோல் இரண்டும் புத்தம் புதுசு.

“நடக்கச் சொன்னீங்க, நடந்தேன். தேஞ்சு ஓட்டையாப் போய்ட்டுது. கிழிஞ்சதை எப்பிடித் திருப்பிக் குடுக்கறதுன்னு போன வாரம் புது அடி போட்டேன்” என்றார் பண்டிதர். பழைய அடித்தோல் எங்கே என்று கேட்டேன். தைத்தவர் அதைத் துண்டு போட்டு வேறு செருப்புக்கு ஒட்டுப்போட்டுவிட்டாராம்.

கொட்டகை போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வார்டன் முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

பண்டிதருக்கு என்ன தோன்றியதோ, தூணைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். “வலதுதான் சார் முதல்ல ஓட்டையாச்சு. முள்ளு ஏறிப் பத்து நாள் நொண்டினேன். அப்போ இடதுல ஒண்ணும் ஆகல.”

முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்தக் குதிகால் தழும்பை நிதானமாகப் பார்த்தார். ஒரு வருஷ ஆராய்ச்சிக்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

“ஒரு குதிகாலை வெச்சு முடிவு சொல்ல முடியாது. அவர் வலது காலை அழுத்தி நடக்கறவரா இருக்கலாம்” என்றார் கணக்கு ஆசிரியர். செருப்பைக் காகிதத்தில் சுற்றி வைத்த மனுஷருக்குப் பேச்சைப் பாருங்கள்! ஆனால் அவர் சொன்னது சரிதான்.

“அப்போ விடுதிப் பசங்களுக்குக் குடுங்க. அவங்க எதையும் பத்திரமா வைக்க மாட்டாங்க. பாதிப் பேருக்கு ஆவாரம் வலதுல வரட்டும்” என்றார் முதல்வர். இன்னொரு வருஷம் கொட்டகை என்னுடையது. வார்டன் எழுந்து போய்விட்டார்.

அந்த மாதமே பண்டிதருக்கென்று தனியாக ஒரு ஜோடி தைத்தேன், இரண்டு காலுக்கும் ஆவாரம் பட்டைத் தோலில். “ஐயா, இது ஆராய்ச்சிக்கு இல்ல. உங்களுக்கே உங்களுக்கு. முள்ளு ஏறக் கூடாது” என்று கையில் கொடுத்தேன். அவர் கண் கலங்கியது, என் கண்ணும்தான்.

மறுநாள் காலையில் வாசலில் நின்று பார்த்தேன். நைந்த வாரோடு பழைய செருப்பையே இழுத்துக்கொண்டு வந்தார்.

“புதுசு எங்கே ஐயா?”

“வீட்டுல பெட்டியில இருக்கு சார். பத்திரமா இருக்கு.”