மூவரில் ஒருத்தி வேண்டாம் என்றால்

என் அக்கா சிந்துஜா ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் நர்ஸ். எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்தில் இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். "ஹெலிகாப்டர்ல என்னடி நர்சு, ஏர்ஹோஸ்டஸ்னு சொல்லு" என்பார் எங்கள் தாய்மாமா கதிர்வேல். பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டுபவர் அவர். வேலைக்குப் போகும் முன் அக்கா பலாச்சுளையைத் தொட மாட்டாள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, வயிற்றுக்குள் இருக்கும் வாயு விரிந்து வலிக்கும் என்பாள். "அப்ப எங்க ஊருக்காரன் ஒருத்தனும் பைலட் ஆவ முடியாது" என்று மாமா சொல்ல, வீடே சிரிக்கும்.

ஆனால் அவள் சொல்வது விளையாட்டு இல்லை. மலைக்குப் போகும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். விலா எலும்பு உடைந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவருக்கும் நெஞ்சுக்குள் அதுதான் நடக்கும். அந்தக் காற்றை வெளியேற்ற முதலில் நெஞ்சில் குழாய் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவரை மேலே கொண்டுபோகலாம்.

பயிற்சியில் அவளைக் கண்ணைக் கட்டி ஒரு சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்களாம். நாற்காலி வலப்பக்கம் சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள், "நின்னுடுச்சு" என்றாள். உண்மையில் நாற்காலி நிற்கவில்லை. நிஜமாகவே நிறுத்தியபோது, "இப்ப இடப்பக்கம் சுத்துது" என்றாள். கண்ணுக்குத் தரை தெரியாவிட்டால் உள்காது இப்படித்தான் ஏமாற்றும். மேகத்துக்குள் நுழைந்துவிட்ட பைலட், நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே சரிந்து தரையில் மோதுவது இதனால்தான்.

அவர்கள் வேலையில் சில பழக்கங்கள் உண்டு. கிளம்பும் முன் பைலட், டாக்டர், நர்ஸ் மூன்று பேரும் தனித்தனியாகச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் பறப்பதில்லை. இன்னொன்று, சம்மதம் சொல்லி முடிக்கும் வரை நோயாளி யார், என்ன நிலை என்று பைலட்டிடம் சொல்லக் கூடாது. சின்னக் குழந்தை என்று தெரிந்தால் எந்த மனிதனுக்கும் இருட்டிய வானம்கூடக் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். அதனால் அவரிடம் இடத்தை மட்டும் சொல்வார்கள்.

போன ஐப்பசி மழையில் ஒரு மதியம், சென்னைக்கு வெளியே இருக்கும் அவர்கள் தளத்துக்குச் சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்தது. பைலட் ராஜகணேஷ் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கார்த்யாயினி பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அக்காவின் செல்போன் அடித்தது. எங்கள் அம்மா ராசம்மாள்.

"சிந்து, மாமா லாரி கவுந்துடுச்சுடி. சிதம்பரம் ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். விலா ஒடஞ்சு நெஞ்சுக்குள்ள காத்து நிக்குதாம். காலு நசுங்கிக் கெடக்கு, பாதம் சில்லுனு ஆயிடுச்சு. ரத்தக்குழாய தைக்கிற டாக்டரு மெட்ராஸ்லதான் இருக்காராம். லாரி ஓனரு ஹெலிகாப்டருக்குச் சொல்லிட்டாரு. நீதான வருவ? நீயே வந்துடுடி."

ஊரில் எல்லோரிடமும் அவள் நம்பர் உண்டு. ஜுரம் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் அம்மாவுக்கு வேறு யோசனையே வரவில்லை. ஆனால் அந்த ஒரு போனில், பைலட்டுக்குத் தெரியக் கூடாதது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

சுவரோரம் திரும்பி நின்று, "அங்க மழை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"மழையா? வாசல்லதான் நிக்கிறேன். எதிர்ல இருக்குற மருந்துக் கடை தெரியல. அப்படி இருட்டிக்கிட்டு ஊத்துது. அத வுடு, நீ சீக்கிரம் வா."

அம்மாவின் பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. உள்ளே மாமா, "தண்ணி குடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். கால் இப்படியே கிடந்தால் சாயங்காலத்துக்குள் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அங்கே தளத்தில் ராஜகணேஷ் நிமிர்ந்தார். அவர் கையில் இருந்தது கடலூர் வானிலைத் தகவல். கடலூரில் மழை விட்டு, மேகம் உயரத்தில்தான் இருந்தது.

"போலாம். சிதம்பரம் எனக்கு அத்துப்படி. தெற்கு வீதியில பொறந்து வளர்ந்தவன். எறங்கப் போற கிரவுண்டுலதான் கிரிக்கெட் ஆடி முட்டிய ஒடச்சிக்கிட்டேன். கண்ண மூடிக்கிட்டு எறக்குவேன்."

"கண்ணத் தொறந்து வச்சே எறக்குங்க சார். நான் ரெடி" என்றார் கார்த்யாயினி.

"சிந்துஜா?"

அவள் செல்போனைப் பைக்குள் போட்டாள். அப்பா இறந்த பிறகு நர்சிங் கல்லூரி இன்டர்வியூவுக்கு அவளை லாரியிலேயே கூட்டிப்போனவர் மாமா. வாசலில் லாரியை நிறுத்தக் கூடாது என்று வாட்ச்மேனிடம் திட்டு வாங்கியும் அவள் வெளியே வரும்வரை நகராதவர். இப்போது "ரெடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். சிதம்பரம் எப்படியும் தெரியும் என்று நம்பும் பைலட், அங்கே போய் அந்த வெள்ளைக்குள் இறங்கப் பார்ப்பார். மழை இப்படியே நிற்காது, அங்கே போவதற்குள் விட்டுவிடும் என்றும் அவளுக்குத் தோன்றியது. மாமா என்பதால்தான் தனக்கு அப்படித் தோன்றுகிறது என்பதையும் அவள் உணர்ந்தாள்.

"வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"போக வேணாம்."

ஏன் என்று கேட்கக் கூடாது என்பதும் அங்கே பழக்கம்தான். ஆனாலும் அவர் கேட்டார். "ரிப்போர்ட் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"அது கடலூர் சார். சிதம்பரத்துல எதிர்க் கடை தெரியலயாம். இப்பதான் போன் வந்துச்சு."

"யாரு பண்ணது?"

"தெரிஞ்சவங்க."

கார்த்யாயினி அவள் முகத்தையே பார்த்தார். "பேஷண்ட் யாரு சிந்துஜா?"

"சார் முன்னாடி சொல்ல மாட்டேன் மேடம்."

ராஜகணேஷ் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவர் போன பிறகுதான் அவள், "எங்க மாமா மேடம்" என்றாள். விஷயத்தைக் கேட்ட கார்த்யாயினி ஒரு வார்த்தையும் ஆறுதல் சொல்லாமல் போனை எடுத்தார். முதலில் சிதம்பரத்து டாக்டரிடம் பேசி, மாமாவின் நெஞ்சில் குழாய் வைக்கச் சொன்னார். விலா உடைந்தவரைச் சாலையில் குலுக்கிக்கொண்டு போவதற்கும் அது வேண்டும். பிறகு நாலைந்து இடங்களில் கேட்டு, புதுச்சேரியில் அறுவை செய்ய ஒரு டாக்டரைப் பிடித்தார்.

சிதம்பரத்தில் எங்களுக்கு வந்த தகவல் இவ்வளவுதான்: ஹெலிகாப்டர் வராது, சாலை வழியாகப் போங்கள். மாமாவின் மனைவி பவானி அத்தை என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அக்காவைக் கூப்பிட்டாள்.

"யாருடி வேணாம்னது? அந்த பைலட்டா?"

"இல்ல அத்தை. நான்தான்."

அத்தை போனை என் மேல் எறிந்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினாள். கடலூருக்குள் தண்ணீர் தேங்கி வண்டிகள் ஊர்ந்தன. சைரன் போட்டும் யாராலும் ஒதுங்க முடியவில்லை. மாமா கத்துவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. அத்தை வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாமா பிழைத்துக்கொண்டார். முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று அத்தை கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஹெலிகாப்டர் வந்திருந்தால் அது சிதம்பரத்தை நெருங்கும்போது மழை இருந்திருக்குமா, விட்டிருக்குமா என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டிருக்கலாம், விடாமலும் இருந்திருக்கலாம். அக்கா அப்படி எந்தக் கணக்கும் போடவில்லை. "சொன்னப்ப என்ன தெரிஞ்சுதோ அத வச்சுத்தான்டா சொல்ல முடியும்" என்றாள். அதன் பிறகு பல நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

லீவு கிடைத்ததும் புதுச்சேரிக்கு வந்தாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா அவளையே பார்த்தார்.

"நீதான் வேணாம்னியாமே?"

"ஆமா மாமா."

"நான்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் மாமா."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். நானும் அவளும் நின்றுகொண்டே இருந்தோம்.

"அந்த பைலட்டுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ரெண்டு பொண்ணு மாமா."

கொஞ்ச நேரம் கழித்து மாமா டீ கேட்டார். பவானி அத்தை பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கு மட்டும் ஊற்றினாள்.